காலித் தட்டின் விலை

இங்கே பர்மாவில், லான்மடா பேட்டையில் நாங்கள் எப்போதும் மளிகை வாங்கும் பாயிடம் இன்று போனை நீட்டினேன். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கடலை எண்ணெய்க்குத் தொங்கிய விலைச்சீட்டைப் போன வாரம் அவசரமாகப் படமெடுத்து வைத்திருந்தேன்.

"அந்த விலைக்கே குடுங்க பாய்."

பாய் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நான் வாங்குற விலையே இதுக்கு மேல, தங்கச்சி."

"அப்போ அங்கேயே வாங்கிக்கிறேன்."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "நீங்க எதுக்கு அங்க போகணும், எடுத்துக்கிட்டுப் போங்க" என்று எண்ணெயைப் பையில் வைத்தார். அதன் மேல் வழக்கம்போல ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அதற்கு என்றைக்கும் காசு வாங்கியதில்லை.

ஜெயித்த தெம்பில், திரும்பும் வழியில் சோப்பு வாங்க அதே சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்தேன். விலைச்சீட்டு அங்கேயே தொங்கியது. தட்டில் எண்ணெய்தான் இல்லை.

அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். பர்மியத்தில் சொன்னாள்:

"அது பழைய விலை அக்கா. சரக்கு எப்பவோ தீர்ந்துடுச்சு. சீட்டை எடுக்க மறந்துட்டோம்."

யாருக்குமே கிடைக்காத விலையைக் காட்டி பாயை மடக்கியிருக்கிறேன். குறைத்துக்கொண்ட காசைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்க மாட்டார்.

வீட்டில் பருப்பு தீர்ந்துவிட்டது. பாய் கடையைத் தாண்டாமல் சந்தைக்குப் போக யாருக்காவது வழி தெரியுமா?