காலிச் சிலிண்டரோடு வந்தவர்

லாரிஸா நகரில் எங்கள் வட்டாரத்தார் ஸீஸிஸ் கரடீமோஸுக்கு வைத்திருந்த பெயர் கேஸ் திருடன். மற்ற ஏசி மெக்கானிக்குகள் நிறைந்த சிலிண்டரோடு மாடியேறி, அது இளைத்த பின் இறங்குவார்கள். இவரோ காலிச் சிலிண்டர் ஒன்றையும் உடன் கொண்டுவருவார். இறங்கும்போது அது கனத்திருக்கும். பலர் அதைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள். நானும் ஒருமுறை கண்டு, தேதியைக் குறித்து வைத்தேன்.

அவரைப் பற்றி விசாரித்து அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். பாலாடைக்கட்டிக் கூடங்களில் பாலைக் குளிர வைக்கும் தொட்டிகளைப் பழுதுபார்ப்பதில் அவருடைய தொழில் தொடங்கியது. இருபத்திரண்டு ஆண்டுகளில் மூன்று முதலாளிகள் அவரை வெளியே அனுப்பினார்கள். கடைசி முதலாளி, தொட்டி குளிரவில்லை, கேஸ் போடு என்று கட்டளையிட, கேஸ் சரியாக இருக்கிறது, மூடியைத் திறந்து போட்டுவிட்டுப் போவது நீங்கள்தான் என்று வேலையாட்கள் முன்னிலையிலேயே சொன்னாராம். அதன்பின் தனியாகத் தொழில் செய்தார். மணம் செய்துகொள்ளவில்லை. அவரை ஒரு வீட்டுக்கு இரண்டாம் முறை அழைத்தவர் யாரும் என் விசாரணையில் கிடைக்கவில்லை.

என் கணவர் லாம்ப்ரோஸுக்கு நுரையீரல் நோய். அறை இருபத்தேழு டிகிரியைத் தாண்டக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த காகிதம் என்னிடம் இருக்கிறது. முன்பொரு சமயம், ஒரே ஒரு சான்று இல்லை என்று லாம்ப்ரோஸின் உதவித்தொகை விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அன்றுமுதல் எந்தக் காகிதத்தையும் நான் எறிந்ததில்லை. ஏசியின் கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு இருமுறை படித்தேன். அறையின் சூட்டை மணிக்கொரு முறை நோட்டில் எழுதினேன். இரண்டு கோடைகளாகக் காலையில் குளிரும் இயந்திரம் மதியத்தில் கைவிட்டது. மாந்தோஸ் என்ற மெக்கானிக் நான்கு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் குழாயைக் கையால் தொட்டுப் பார்த்து, கேஸ் கசிகிறது என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போனார். நிரப்பிய எடை எழுதிய நான்கு ரசீதுகளும் பத்திரமாக இருந்தன. இந்த ஜூலையில் வெளியே நாற்பத்து மூன்று டிகிரி; மதியம் அறைக்குள் முப்பத்தொன்று. லாம்ப்ரோஸ் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே மூச்சுக்காகக் காத்திருந்தார். மாந்தோஸ் தொலைபேசியை எடுக்கவில்லை. வேறு வழியின்றி ஸீஸிஸை அழைத்தேன்.

கீழ்வீட்டு அஸிமீனா படியிலேயே என்னை நிறுத்தினாள்.

"அந்தாளையா கூப்பிட்டீங்க அக்கா? இருக்கிறதையும் உருவிக்கிட்டுப் போயிடுவான். கண்ணை எடுக்காதீங்க."

நான் கண்ணை எடுக்கவில்லை. பத்தரை மணிக்கு வந்தவர், இரண்டு சிலிண்டர்களையும் ஒரு தராசையும் பால்கனியில் இறக்கினார். வெளி யூனிட்டில் கேஸின் எடை பொறித்த தகட்டைத் துடைத்து வாசித்தார், அழுத்தமானியை மாட்டினார், குழாயின் நீளத்தை அளந்து, ஐந்து மீட்டர்தான், தகட்டில் உள்ள எடையே போதும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கேஸ் கம்மி இல்லம்மா. அதிகமா இருக்குற மாதிரி தெரியுது. மொத்தத்தையும் வெளிய எடுத்து எடை போட்டாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

நான் அஞ்சியது இதைத்தான். கேஸை எடுத்துவிட்டால் இயந்திரம் பிணம். இவர் அப்படியே படியிறங்கிவிட்டால் மதியத்துக்குள் லாம்ப்ரோஸின் நிலை என்னவாகும்? எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். இரண்டரை மணி நேரம் என்றார். லாம்ப்ரோஸ் கட்டிலிலிருந்து கையசைத்துச் சம்மதம் தெரிவித்தார். நான் வாசற்கதவை உள்ளே பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். ஸீஸிஸ் அதைப் பார்த்துவிட்டு ஹோஸை மாட்டத் தொடங்கினார்.

காலிச் சிலிண்டரை என் முன்னால் எடை போடச் சொன்னேன். எழுதிக்கொண்டேன். கேஸ் முழுவதும் அதில் இறங்கிய பின் மறுபடியும் எடை போடச் சொன்னேன். வித்தியாசம் ஆயிரத்து அறுநூற்று முப்பது கிராம். தகட்டில் இருந்ததோ ஆயிரத்து நூறு. மாந்தோஸின் ரசீதுகளைக் கொண்டுவந்தேன். நூற்று முப்பது, நூற்றைம்பது, நூற்றிருபது, நூற்று நாற்பது. கூட்டினால் ஐந்நூற்று நாற்பது; தகட்டின் எடையோடு சேர்த்தால் ஆயிரத்து அறுநூற்று நாற்பது. தொழிற்சாலையில் நிரப்பியதும் மாந்தோஸ் நிரப்பியதும் உள்ளேயே இருந்திருக்கின்றன. இரண்டு ஆண்டுகளில் எதுவுமே கசியவில்லை.

ஆனாலும் கணக்கு முழுதாக நிற்கவில்லை.

"பத்து கிராம் குறையுதே, அது எங்க?"

"ஹோஸ்ல ஒட்டிக்கிட்டிருக்கும்மா. வேணும்னா உதறித் தரேன்."

லாம்ப்ரோஸ் சிரித்து, அதனால் இருமினார். இருமல் நிற்கும்வரை ஸீஸிஸ் கையில் எதையும் எடுக்கவில்லை.

வெற்றிடப் பம்ப் அரைமணி நேரம் ஓடிக் குழாயை உலர்த்தியது. அதற்குள் அறை இருபத்தொன்பதைத் தொட்டுவிட்டது. ஈரத்துணியால் லாம்ப்ரோஸின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே தராசைக் கண்காணித்தேன். ஸீஸிஸ் புதுச் சிலிண்டரைத் தலைகீழாகத் தராசில் வைத்து, சரியாக ஆயிரத்து நூறில் வால்வை மூடினார். இயந்திரம் ஓடியது. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்ததால், பழக்கப்படி எழுந்து பால்கனித் திரையை இறக்கினேன். கோடை மதியத்தில் அந்தக் கெட்டித் துணியை அடிவரை இறக்காத வீடு எங்கள் ஊரில் கிடையாது.

ஸீஸிஸ் அழுத்தமானியைப் பார்த்தார். முள் ஏறிக்கொண்டிருந்தது.

"தினமும் எத்தனை மணிக்கும்மா இதை இறக்குவீங்க?"

நோட்டைப் புரட்டினேன். அதையும் எழுதி வைத்திருந்தேன். பன்னிரண்டு பத்து, பன்னிரண்டு ஐந்து, பன்னிரண்டு பத்து.

"ரூம்ல சூடு ஏற ஆரம்பிக்கிறது?"

எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பன்னிரண்டு நாற்பதை ஒட்டியே இருந்தது. வெளி யூனிட் கக்கும் வெந்த காற்று திரைக்குள் சிக்கிக்கொள்ள, அதையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. இந்தத் திரையை வாங்கிய கோடையில்தான் மாந்தோஸ் முதன்முறை வந்தார். திரையின் ரசீதும் என்னிடம் இருந்தது.

"எல்லாரும்தான் இறக்குறாங்க," என்றேன்.

"எல்லார் வீட்டுக்கும் நான் போய்க்கிட்டுத்தான் இருக்கேன்."

மாந்தோஸ் மீது புகார் எழுத இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த நோட்டு அது. இப்போது அது என் கையெழுத்தில் எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது. இவரை ஏன் யாரும் இரண்டாம் முறை அழைப்பதில்லை என்பது அப்போது விளங்கியது. எனக்கும் அந்த நிமிடத்தில் அவரைப் பிடிக்கவில்லை.

திரையை இடுப்புயரத்துக்கு ஏற்றிக் கட்டினார். முள் மெல்ல இறங்கியது. எடுத்த பழைய கேஸ் எனக்கு வேண்டும் என்றேன். பழைய கேஸை வீட்டில் வைக்கக் கூடாது, சேகரிப்புக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும் என்றார். நம்பவில்லை. எடையும் கிடங்கின் தொலைபேசி எண்ணும் கையெழுத்துமாக எழுதி வாங்கிய பிறகே கதவைத் திறந்தேன். மறுநாள் கிடங்குக்கு அழைத்தேன். ஆயிரத்து அறுநூற்று முப்பது, முந்தைய மாலையே பதிவாகியிருக்கிறது என்றாள் அங்கிருந்த பெண்.

அவர் போன அன்று மூன்று மணிக்கு அறையில் வெப்பமானி இருபத்தாறு காட்டியது. அந்த எண்ணையும் நான் நம்பவில்லை. சமையலறையிலிருந்து இன்னொரு வெப்பமானியை எடுத்து வந்து, பக்கத்தில் வைத்துக் காத்திருந்தேன். அதுவும் இருபத்தாறில் நிற்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது லாம்ப்ரோஸ் பேசினார். இடையில் மூச்சுக்காக அவர் நிற்கவில்லை.

"அதைப் பாத்தது போதும். காலுக்கு ஒரு போர்வை குடு, குளுருது."