மறியல் போட்ட வரிசை

என் கல்யாணப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் உறவினர் பட்டியல் இருக்கிறது. அதில் முதல் பெயர் வெள்ளிமலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு சித்தப்பாவுடையது. எந்த வழியில் சித்தப்பா என்று கேட்டால் என் அப்பாவே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். கல்வராயன் மலையேறிப் போனவர், கீழே எங்கள் வீட்டில் நடந்த நல்லது கெட்டது எதற்கும் இறங்கி வந்ததில்லை. பட்டியலின் கடைசிப் பெயர் என் பெரிய மாமா. அம்மாவின் உடன்பிறந்த அண்ணன். முகூர்த்தத்துக்கு முன்னால் என் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர். தாய்மாமன் அந்தத் தகட்டைக் கட்டிவிட்டால்தான் எங்கள் பக்கத்தில் பெண்ணை மணவறைக்கு அழைத்துப் போவார்கள்.

சுயநினைவோடு இருக்கும் யாரும் இப்படி ஒரு வரிசை போட மாட்டார்கள். நாங்களும் போடவில்லை. அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் நான் பார்த்த வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டிடிபி சென்டரில் நான் டைப் செய்துகொண்டிருந்தேன். இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகப் போராட்டம் நடந்த காலம் அது. எந்த ரோட்டில் எப்போது மறியல் என்று பஸ் டிரைவருக்கே தெரியாது. எங்கள் கடைக்கு மட்டும் அதனால் ஓயாத வேலை. மனு டைப் பண்ண வருவார்கள். மனு ஒரு பக்கம்தான். அதன் பின்னால் வரும் பெயர்கள்தான் பக்கம் பக்கமாகப் போகும். ஒவ்வொரு ஊரிலும் கம்ப்யூட்டர் படித்த ஒரு பையன் எக்செல்லில் பெயர்களை அடித்துக்கொண்டு வருவான். அதை நான் வேர்டில் மனுவுக்குப் பின்னால் சேர்க்க வேண்டும்.

கேட்பதற்குச் சுலபமான வேலை. எக்செல்லில் காப்பி, வேர்டில் பேஸ்ட், முடிந்தது என்று நினைப்பீர்கள். ஒட்டிய மாத்திரத்தில் அட்டவணை தாளை விட்டு வெளியே போய் நிற்கும். அப்பா பெயர் என்ற கட்டம் பாதி தாளில், மீதி காற்றில். எழுத்துரு ஒத்துவரவில்லை என்றால் ஊர்ப் பெயர்கள் எல்லாம் வசவு மாதிரி ஆகிவிடும். படமாக ஒட்டினால் அழகாக நிற்கும், ஆனால் ஓர் எழுத்தைத் திருத்த முடியாது. இதையெல்லாம் கட்டி மேய்த்து நான் பிரிண்ட் போடும் நேரத்துக்கு அந்தப் பையன் வந்து நிற்பான்.

"அக்கா, இன்னும் பத்து பேரு சேந்துக்கினாங்க. கொஞ்சம் உள்ள தள்ளுங்க."

நாளுக்கு நாள் பெயர் கூடும். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒட்டி, புதிதாக இழுத்துச் சரிசெய்து என் விரல் தேய்ந்தது. அப்போதுதான் இணைத்து ஒட்டுகிற வித்தையைக் கண்டுபிடித்தேன். அப்படி ஒட்டிவிட்டால் எக்செல்லில் எதை மாற்றினாலும் வேர்டிலும் மாறிவிடும். அடுத்த முறை வேர்டைத் திறக்கும்போது, 'புதிய விவரங்களை எடுத்துக்கொள்ளட்டுமா?' என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். ஆமாம் என்று அமுக்கினால் போதும். எங்கள் கடை முதலாளி அண்ணன் அதில் சொக்கிப்போனார். பெட்டி முழுசாக வருவதற்குள் ஆமாமை அமுக்கிவிடும் அளவுக்கு அவருக்குக் கை பழகிவிட்டது.

என் கல்யாணம் நிச்சயமானது அந்த நாட்களில்தான். மாப்பிள்ளைக்கு ஊர் களமருதூர். பத்திரிகை எங்கள் கடையிலேயே அடிப்பது என்று முடிவானது. உறவினர் பட்டியலை அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டுப் போட்டு முடித்தார்கள். யாருக்கு அடுத்து யார், யார் மூத்தவர், யாரைக் கீழே போட்டால் பந்தியில் எழுந்து போய்விடுவார், எல்லாம் பார்த்து வைத்த வரிசை. பெரிய மாமா முதலில். என் அண்ணன் உரக்கடையில் கணக்கெழுதுகிறவன். வீட்டில் தேங்காய் உடைத்தாலும் எக்செல்லில் போடுவான். அவன் பெயர், முறை, ஊர் என்று மூன்று கட்டமாக அடித்து எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். நான் என் வித்தையைக் காட்டி அதைப் பத்திரிகையில் இணைத்து ஒட்டினேன். அப்பா கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார். அவர் அப்படிச் சொல்வது அபூர்வம்.

மறுநாள் நான் புடவை எடுக்க லீவு. அண்ணன் கடைக்கு வந்திருக்கிறான். பத்திரிகை வைக்கப் போக அவனுக்கு ஒரு பட்டியல் வேண்டும். எந்த ரோடு திறந்திருக்கிறது, எந்த ரோடு மறியலில் அடிக்கடி அடைபடுகிறது என்று போனில் விசாரித்து, அதே பட்டியலில், நான் ஒட்டிய மூன்று கட்டத்துக்கு வெளியே நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, சுலபமாகப் போகிற ஊர் மேலே, போக முடியாத ஊர் கீழே என்று மொத்தத்தையும் வரிசை மாற்றினான். மலைப்பாதையில் யாரும் மறியல் செய்யவில்லை. அதனால் வெள்ளிமலை முதலில். அப்புறம் தியாகதுருகம். சங்கராபுரம் பக்கம் தினமும் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் அதைத் தாண்டி இருக்கும் மூங்கில்துறைப்பட்டு கடைசி. பெரிய மாமா ஊர் மூங்கில்துறைப்பட்டு.

தனக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு, பொறுப்பான பிள்ளையாகச் சேமித்துவிட்டும் போயிருக்கிறான். சாயங்காலம் முதலாளி அண்ணன் பத்திரிகையைத் திறந்தார். பெட்டி வந்தது. ஆமாம் என்றார். அடித்துக் கட்டிவைத்தார்.

அப்பா சரிபார்த்த பத்திரிகைதானே என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கடைசிப் பக்கத்தைப் புரட்டவில்லை. அண்ணன் தன் பட்டியல்படி மேலிருந்து கீழாக வைத்துக்கொண்டே போனான். முதல் போன் வெள்ளிமலையிலிருந்து வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, என்னையும் ஒரு ஆளா மதிச்சி மொத பேரா போட்டுக்கிறீங்களே! வூட்ல எல்லாருக்கும் காட்டினேன். குடும்பத்தோட முன்னாடியே வந்துர்றோம்ணே."

அப்பா பத்திரிகையைப் புரட்டினார். அவர் முகத்தைப் பார்த்து நானும் புரட்டினேன். பெரிய மாமா கடைசியில் இருந்தார். வேறு அடித்துவிடலாம் என்றேன். "அடிச்சிட்டு? அந்த மனுசன எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கீழ எறக்குவ?" என்று அப்பா கேட்டார். அதற்குள் தியாகதுருகத்திலிருந்து யாரோ பத்திரிகையைப் போட்டோ எடுத்து மூங்கில்துறைப்பட்டுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள். மாமா அம்மாவுக்குப் போன் செய்தார். ஒரே வாக்கியம்தான் பேசினார்.

"பட்டத்தையும் மலைலகீறவனையே வந்து கட்டச் சொல்லு."

அதோடு அம்மா சமையற்கட்டுக்குள் போனாள். பாத்திரங்கள் மட்டும் பேசின. குற்றம் இணைத்து ஒட்டிய என்னுடையதா, வரிசை மாற்றிய அண்ணனுடையதா, ஆமாம் சொன்ன முதலாளியுடையதா என்பதற்கு எங்கள் வீட்டில் இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. ரோடு திறக்கட்டும், போய்ச் சமாதானம் பேசலாம் என்று அப்பாவும் அண்ணனும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் ரோடு திறப்பதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். மாமா கட்டாத பட்டத்தோடு மணவறையில் உட்கார எனக்கு மனமில்லை. சின்ன வயதில் கரும்பு டிராக்டரில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மில் வரைக்கும் கூட்டிப்போனவர் அவர். லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

சங்கராபுரம் தாண்டி ரோட்டின் குறுக்கே உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்க்கை இறக்கி முகத்தைக் காட்டினேன். ஒருவன் எழுந்தான்.

"டேய், நம்ம மனு டைப் பண்ணித் தந்த அக்காடா! வண்டிய வுடுங்க!"

இரண்டு பக்கமும் லாரிகள் நிற்க, எனக்கு மட்டும் கூட்டம் விலகி வழிவிட்டது. அந்த மிதப்பு மாமா வீட்டு வாசல் வரைதான் இருந்தது. அவர் மாட்டுக்குக் கரும்புத் தோகை அறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். வா என்று சொல்லவில்லை. அத்தைதான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நான் தரையில் லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். அண்ணன் போட்ட ரோடு கட்டத்தோடு பட்டியலைக் காட்டினேன். வரிசை மாற்றினால் இங்கே மாறுவதையும் அங்கே மாறுவதையும் செய்து காட்டினேன். மாமா குனிந்து பார்த்தார். அவர் பெயர் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது.

"இதுக்கு ரோட்ல மறியல் பண்றது தெரியுமா?"

"எங்கண்ணன் போட்டது மாமா."

"மில்லுல கரும்பு வெட்ட ஆர்டர் குடுக்கிற மாரி. வண்டி போற கொல்லைக்கு மொதல்ல, போவாத கொல்லைக்குக் கடைசில."

"அதேதாங்க மாமா!"

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. புரிந்துவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று லேப்டாப்பை மூடப் போனேன். மாமா அரிவாளைக் கீழே வைத்தார்.

"எம் பேரு எங்க இருந்தா இன்னா கண்ணு? அடில போட்டா நான் தேஞ்சா பூடுவேன்? தங்கச்சி வூட்டுக் கல்யாணத்துக்கு ஊருக்கெல்லாம் பத்திரிக வெச்சாச்சி. மொதல்ல வெக்க வேண்டிய எனக்கு இன்னும் வெக்கல. நான் போட்டோவுல பாத்துக்கினு இருக்கேன். நீ வந்த, நல்லதுதான். தட்டு எடுத்தாராம பொட்டிய எடுத்தாந்து வெச்சிக்கினு எனக்குப் பாடம் நடத்துற."

பையைத் திறந்து பார்த்தேன். அவ்வளவு தூரம் வந்திருந்தேன். பையில் சார்ஜர் இருந்தது, மவுஸ் இருந்தது. ஒரு பத்திரிகை இல்லை, ஒரு வெற்றிலை இல்லை. வெட்கத்தில் அழுகை வந்தது.

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை உள்ளே போய்த் தன் வீட்டுத் தாம்பாளத்தையே எடுத்துவந்தாள். அதில் அவர்கள் வீட்டு வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், குங்குமம். என் கையில் கொடுத்துவிட்டு, மாமாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்து, மறுபடி ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்.

"இப்ப கூப்புடு" என்றார்.

கல்யாணப் பெண்ணே தட்டு வைத்துக் கூப்பிடுவது எங்கள் பக்கம் கிடையாது. எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "மாமா, எனக்குக் கல்யாணம். நீங்களும் அத்தையும் வந்து முன்ன நின்னு பட்டம் கட்டணும்" என்று சொல்லித் தட்டை நீட்டினேன்.

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"உங்கப்பன் வந்தா வர்லன்னு சொல்லி அனுப்பணும்னு இருந்தேன். நீ வந்துட்ட."