கரிக்கூழ் காய்ச்சிய காலம்

கரித்தூளையும் குச்சித்தூளையும் கூழாகக் கரைத்து, அதை உலையில் விட்டு எரிவாயு எடுக்கிற வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள், முதலில் மூக்கில்லாத ஆளாகப் பார்ப்பது நல்லது. எனக்கு மூக்கு இருந்தது. அதுதான் என் கஷ்டம். ஊரை விட்டு ஒதுங்கின வேலை பார்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் இதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவீர்கள்.

கூழ்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு அரிசி மில்லில் கரிவாயு எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தேன். மூணாறுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து முதலாளி, சீமையில் எங்கேயோ பார்த்த உலையைத் தன் தோட்டத்திலும் கட்டியிருந்தார். எஞ்சின் தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னை மலையேற்றிவிட்டார்கள்.

தொட்டியில் நிலக்கரித் தூள், கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை இடித்த தூள், தண்ணீர். கலக்கினால் கறுப்பாகக் கூழ். பழுத்துச் சிவந்த உலைக்குள் பம்பு வைத்து அதைப் பீச்சியடிப்போம். காற்றைக் குறைத்து வைத்தால் கூழ் எரிந்து சாம்பலாகாமல் வாயுவாக மாறும். தார் போக அந்த வாயுவைத் தண்ணீரில் கழுவி எஞ்சினுக்கு விட்டால் இலை உருட்டுகிற மிஷின்கள் ஓடும். கூழ் கெட்டியானால் குழாய் அடைக்கும், இளகினால் உலை குளிரும். முதல் நாள் அரைக்கால் சட்டையோடு தொட்டிக்குள் கட்டையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். கூடையோடு போன பேச்சியம்மாள் நின்று எட்டிப் பார்த்தாள். உலைக்குக் கூழ் தள்ளுகிற மாரியப்பனின் மனைவி அவள். தோட்டத்தில் என்னிடம் முதலில் பேசியதும் அவள்தான்.

"ஏ அண்ணாச்சி, உங்க ஊர்ல இதையா குடிப்பீக?"

ஜன்னல் வழியே

தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். என் உடம்பிலோ தார் வாசனை. எத்தனை சீயக்காய் போட்டாலும் போகாது. அதனால் பாக்டரிக்குள் நுழைய எனக்குத் தடை. உள்ளே ஓடுகிற மிஷின்கள் எல்லாம் என் வாயுவில்தான் ஓடின. அவற்றில் ஒன்றைக்கூட நான் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. வீடும் அப்படித்தான். வாயு கசியுமோ என்ற பயத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் உலையை ஒட்டி, தொழிலாளர்களின் லயன் வீடுகளின் பேச்சுச் சத்தம் எட்டாத தூரத்தில் கொடுத்திருந்தார்கள்.

ஒருநாள் மழைக்கு ஒதுங்க பாக்டரி வாசலில் ஒரு கால் வைத்துவிட்டேன். டீ மேக்கர் ஓடிவந்தார். தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான மலையாளி அவர். நல்ல மனுஷர். கையைப் பிடித்து வெளியே விட்டு, ஜன்னல் வழியாகச் சூடாக ஒரு தம்ளர் டீ நீட்டினார். நீட்டிக்கொண்டே சொன்னார்:

"அகத்து வரவேண்டா, கேட்டோ. நீங்க நின்ன தேயிலையில சாயா போட்டா சாயா மணக்காது, நீங்கதான் மணப்பீங்க."

தலையணை உறை

வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போவேன். மறையூர் வழியாக உடுமலை, பொள்ளாச்சி, அங்கிருந்து கொழிஞ்சாம்பாறை. பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகவே வரும். நின்றுகொண்டு வருகிறவர்கள்கூட உட்கார மாட்டார்கள். ஒரு தடவை ஒரு அம்மா உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைப் பொத்தி, இரண்டு வளைவு பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போனார். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் நானும் நடித்தேன்.

வீட்டில் என் மகள் முதல் இரண்டு நாள் கிட்டே வரமாட்டாள். வாசனை பழகி மடியில் ஏறும்போது என் லீவு முடிந்துவிடும். ஒரு வருஷம் கிளம்புகிற காலையில், அழுக்குத் துணியைப் பொறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கண்ணம்மாளிடம், "எல்லாத்தையும் சோடா உப்பு போட்டு வெளுத்துரு, ஊடே நாறுது" என்றேன். அவள் தலை நிமிரவில்லை.

"மத்ததெல்லாம் தொவைச்சர்றனுங்க. நீங்க போனப்புறம் அந்தத் தலகாணி உறைய மட்டும் நான் தொவைக்கறதில்லீங்க."

வாசனை இல்லாத பொழுது

அந்த நாற்றத்தைத் திட்டியிருக்கிறேனே தவிர, அது எவ்வளவு பெரிய காவல் என்று ஒரு ஆடி மாதம்தான் தெரிந்தது. கழுவாத வாயு நாறும், அதனால் கசிந்தால் தெரிந்துவிடும். கழுவின வாயுவுக்கு வாசனையே கிடையாது. ஆளைக் கொல்வது அதுதான். பேய்மழைக்குப் பயந்து யாரோ எஞ்சின் கொட்டகையின் தட்டிகளை எல்லாம் இறக்கிக் கட்டியிருந்தார்கள். மத்தியானம், சாப்பாட்டுச் சங்கு ஊதுவதற்கு முன்னால், நான் தொட்டிப் பக்கம் இருந்தேன். உள்ளே குழாய் துடைக்கப் போன மாரியப்பன் எப்போதும் ஏதாவது பாடிக்கொண்டே வேலை செய்வான். பாட்டு நின்றிருந்தது.

கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். குழாயடியில் சுருண்டு கிடந்தான். முகம் வெயிலில் நின்றவன்போல் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு, வாயு உடம்பில் ஏறினதற்கு அடையாளம் என்று எனக்குத் தெரியும். முதல் இழுப்பில் அவன் நகரவில்லை. வெளியே ஓடிவந்து, தட்டியை எட்டி உதைத்துப் பிய்த்து, மூச்சு வாங்கி, மறுபடியும் போனேன். அக்குளில் கை கொடுத்து இழுத்து மழையில் போட்டேன். முதுகில் அடித்தேன், நெஞ்சை அமுக்கினேன், பெயரைச் சொல்லிக் கத்தினேன். மலைக்காட்டில் அந்த மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இவன் போய்விட்டால் இந்தத் தோட்டத்தில் என் கூட நின்று பேச யாரும் இல்லை என்ற நினைப்புதான் வந்தது. கேவலமான நினைப்பு, ஆனால் அதுதான் வந்தது. ரொம்ப நேரம் கழித்து அவன் இருமினான். கண்ணைத் திறந்து, வாய்க்குள் விழுந்த மழையைத் துப்பிவிட்டுக் கேட்டான்:

"அண்ணாச்சி, சங்கு ஊதியாச்சா?"

ஓடைக்கல்

மாரியப்பன் பிழைத்தான். ஆனால் உலைக்குத் திரும்பவில்லை. களை வெட்டுகிற வேலைக்கு மாறிக்கொண்டான். வேறு ஆட்களும் வர மறுத்தார்கள். கூழ் கரைப்பதும் தள்ளுவதும் எஞ்சினைப் பார்ப்பதும் நான் ஒருவனே. பகலெல்லாம் எஞ்சின் இரைச்சலில் கிடந்துவிட்டு வீட்டுக்குப் போனால், என் குரலே எனக்குப் புதிதாக இருக்கும். மேல்சரிவில் மாரியப்பன் தலை தெரியும். கை ஆட்டுவேன். அவனும் ஆட்டுவான். வா என்று சைகை காட்டினால் குனிந்து களை வெட்டத் தொடங்கிவிடுவான். எனக்கு வலித்தது. உயிரைக் காப்பாற்றினவனை இப்படியா ஒதுக்குவது என்று கோபம்கூட வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் ஓடைக்கு அந்தக் கரையில் நின்று கூப்பிட்டாள். நடுவிலிருந்த பாறையில் ஒரு தூக்குவாளி. திறந்தால் கருவாட்டுக் குழம்பும் சோறும். "இங்க வந்து குடுத்தா என்ன?" என்று கேட்டேன். அவள் என் கொட்டகையை ஒரு பார்வை பார்த்தாள்.

"சாப்டுட்டு வாளிய அந்தக் கல்லு மேலயே வச்சிருங்க அண்ணாச்சி, நா வந்து எடுத்துக்கிடுதேன்."

கம்பி வந்த அன்று

பள்ளிவாசல் பவர் ஹவுஸிலிருந்து கரண்டுக் கம்பி எங்கள் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. மோட்டார் ஓடுவதைப் பார்க்கத் தோட்டமே பாக்டரி முன்னால் கூடியது. அன்று காலையே என் உலையை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் முதல் எனக்கு வேலை இல்லை. பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு, கொட்டகையில் ஆறிக்கொண்டிருந்த உலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் கைதட்டல் கேட்டது. என்னையும் கூப்பிட்டிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

வாசலில் நிழல் தட்டியது. மாரியப்பன். உலைச் சுவரைத் தொட்டுப் பார்த்தான், இன்னொரு தடவையும் தொட்டுப் பார்த்தான். பிறகு என் பக்கத்தில், தோள் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தான். "எம் மேல கோவமாடா?" என்று கேட்டேன். இல்லையென்று அவசரமாகத் தலையாட்டினான்.

"கோவமா? இந்த உலை எரியுத வரைக்கும் இங்கிட்டு வரமாட்டேன்னு பேச்சியம்மா எம் பிள்ள தலையில கை வச்சு சத்தியம் வாங்கிட்டா அண்ணாச்சி. இப்பம்தான் அணைஞ்சிட்டுல்லா, வாங்க, உங்க வீட்ல உக்காந்து பேசுவோம்."

அத்தனை வருஷத்தில் என் வீடு தேடி வந்த முதல் விருந்தாளிக்கு ஒரு டீ போட்டுக் கொடுக்கலாமென்றால், மண்ணெண்ணெய் அடுப்பைக்கூட நான் மூட்டை கட்டியிருந்தேன்.