வலி தெரியாமல் போனவர்கள்

பதின்மூன்று வயதில் பிரிட்டிஷ் கடற்படைப் பள்ளிக்குப் போன கில்பர்ட் பாஸ்கோவுக்குக் கடலைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது. 1914இல் அவர் இருந்த கப்பலை வடகடலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் உடைத்தது. காப்பாற்ற நின்ற இன்னொரு கப்பலும் அடிபட்டு மூழ்கியது. பாஸ்கோ ஒரு மீன்படகின் புண்ணியத்தில் கரை சேர்ந்தார். நீரில் கிடப்பவர்களுக்காகப் போர்க்கப்பல் நிற்கக் கூடாது என்ற ஆணை அதன்பிறகு வந்தது. பிழைத்தவர் என்பதால் அவருக்கு அது இரட்டிப்பாகக் கசந்தது.

ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார். போர் முடிந்து நான்காம் ஆண்டு ஆட்குறைப்பில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சால்டாஷ் என்ற ஊரில் கோழிப்பண்ணை வைத்தார். அந்நாளில் வேலை போன அதிகாரிகளில் பாதிப் பேர் கோழி வளர்த்தார்கள். கோழிகளுக்குத்தான் அது கஷ்டகாலம். பண்ணையைத் தாங்கிப் பிடித்தவள் பக்கத்து வீட்டு எடித் ஹாக்கிங். அவள் கணவன் பெர்ட், பாஸ்கோவின் பீரங்கிப் பிரிவில் வேலை பார்த்து 1916இல் போரில் இறந்த மாலுமி. மகன் லெஸ்லி தலையெடுத்ததும் சரக்குக் கப்பலில் சேர்ந்தான்.

1939இல், வேண்டாம் என்று அனுப்பியவர்களே மறுபடி கூப்பிட்டார்கள். சரக்குக் கப்பல்களுக்குத் துணைபோகும் காவல் கப்பல் ஒன்று அவருக்குக் கிடைத்தது. 1942 பிப்ரவரியில் ஒரு மதியம், லெஸ்லியின் கப்பல் அவர் கண்ணெதிரே மூழ்கியது. நீரில் கிடந்தவர்கள் காவல் கப்பலைக் கண்டு கையசைத்தார்கள்.

"சார், நேரா ஆளுங்க கிடக்காங்க," என்றான் கண்காணிப்பு மாலுமி.

"பார்த்துட்டேன். ஒதுங்கிப் போ. வேகத்தைக் குறைக்காத."

ஏப்ரலில் விடுப்பில் வந்தவர் எடித்தின் சமையலறையில் உட்கார்ந்தார். தந்தி வந்து ஏழு வாரமாகியிருந்தது. மகன் எப்படிச் செத்தான் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

"நீங்க அங்கதான் இருந்தீங்கன்னு சொன்னாங்க சார். எப்படிப் போனான்?"

இறந்தவர் வீட்டுக்கு அதிகாரிகள் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு. இரண்டு போரிலும் பாஸ்கோ அதை எழுதிக் கை மரத்தவர். வாயும் பழக்கத்தில் அதையே சொன்னது.

"வலியே தெரிஞ்சிருக்காது, எடித். ஒரு நொடிதான்."

எடித் மேசை இழுப்பறையைத் திறந்து மடிப்பு கிழிந்த ஒரு கடிதத்தை எடுத்து வைத்தாள். பாஸ்கோவின் கையெழுத்து, 1916. வலி தெரியவில்லை, ஒரு நொடி.

"இருபத்தாறு வருஷமா இதை நம்பித்தான் தூங்கினேன். லெஸ்லி நல்லா நீந்துவான் சார். ஒரு நொடியில போறவன் இல்ல. நிறுத்தினீங்களா?"

"இல்ல. கையசைச்சாங்க. அவன் அதுல இருந்தானான்னு தெரியாது. நிறுத்தக் கூடாதுன்னு ஆணை."

ஆணை என்ற சொல் அந்தச் சமையலறையில் அசிங்கமாக இருந்தது. அவருக்கே வெட்கமாக இருந்தது.

"அப்ப பெர்ட்?"

"ரெண்டு நாள் உயிரோட இருந்தான். உடம்பெல்லாம் வெந்துபோச்சு."

எடித் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"ரெண்டு நாள்ல என் பேரைச் சொன்னானா?"

பாஸ்கோவுக்குத் தெரியாது. அந்த இரண்டு நாளும் பெர்ட் கிடந்த கீழ்த்தளத்துக்கு அவர் ஒரு முறைகூட இறங்கிப்போய் அவனைப் பார்க்கவில்லை.