செஃபின் துப்பாக்கியும் குலேந்திரனின் குக்கர் ஊசியும்

குலேந்திரன் எதையும் முதலில் மணந்துதான் பார்ப்பார். இஸ்திரிப்பெட்டி, றேடியோ, கோப்பி மெசின், எதைப் பழுதென்று கொடுத்தாலும் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் ஓர் இழுவை. பிறகு, "இதை முந்தித் திறந்தவன் ஒரு மொக்கன்" என்பார். அந்த மொக்கன் பெரும்பாலும் நான்தான்.

துன் நகரத்தில் ஏரியோரத்து ஹோட்டல் ஒன்றில் அவர் கோப்பை கழுவுகிறார். நான் மரக்கறி வெட்டுகிறேன். ஊரில் மண்ணெண்ணெய்க் குக்கர் திருத்தினவர். அடைப்பெடுக்கிற மெல்லிய கம்பி ஊசி ஒன்றைச் சட்டைக் கொலரில் குத்திக்கொண்டுதான் சுவிசுக்கே வந்து இறங்கினார். இந்த நாட்டில் மண்ணெண்ணெய்க் குக்கரே இல்லை என்று ஏழு வருடமாகச் சொல்கிறேன். "கிடக்கட்டன். அது என்ன சோறோ கேக்குது?"

அவர் கையில் இருப்பது எஃப் அட்டை, அகதிக்குக் கொடுக்கிற தற்காலிக அனுமதி. "எஃப் எண்டால், போ எண்டும் சொல்லமாட்டான், இரு எண்டும் சொல்லமாட்டான்" என்பது அவருடைய விளக்கம். அரசாங்கத்தின் விளக்கம் நாலு பக்கம் நீளம், விசயம் இதுதான். பி அட்டை என்கிற வதிவிட அனுமதி கிடைத்தால்தான் வவுனியா முகாமில் இருக்கும் மனைவி ஜெயமலரைக் கூப்பிடலாம். மனுவோடு வைக்க முதலாளியின் நற்சான்றுக் கடிதம் ஒன்றுதான் குறை.

முதலாளியும் தலைமைச் சமையல்காரருமான செஃப் சூர்பூகன் என்ற சுவிஸ்காரருக்கோ அந்த மாரியில் அதைவிடப் பெரிய கவலை. பெட்டியில் துண்டு துண்டாக வந்த பழைய மாதிரிக் கைத்துப்பாக்கி ஒன்றை அவரே அராவி, பூட்டி, மினுக்கியிருந்தார். குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டித்து, பின்னாலுள்ள ஓட்டை வைத்த சிறு முனையில், அடிபட்டால் பொறி பறக்கிற செப்புக் கப் ஒன்றைச் செருகிச் சுடவேண்டும். விசையை இழுத்தால் கப் மட்டும் 'டிக்' என்னும், மருந்து அசையாது. கப்பை மாற்றினார். மருந்தை மாற்றினார். ஸ்பிரிங்கையும் மாற்றினார். சுடும் கிளப்பில் சிரித்தார்களாம். அந்தக் கோபம் எங்கள் தலையில் விடிந்தது. கடிதத்தைக் கேட்டால், பிறகு பார்ப்போம் என்பார்.

ஒரு பின்னேரம், மருந்தெல்லாம் எடுத்த வெறும் துப்பாக்கியைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். குலேந்திரன் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் குனிந்தார். அகதி விசாரணையில், ஆயுதம் தொட்டதுண்டா என்று நாலு தரம் கேட்டபோது நாலு தரமும் இல்லை என்று சொன்ன மனிதர். பொய்யுமில்லை. துவக்கைக் கண்டால் வேலி பாய்கிற ஆள்.

"எண்ணெய் மணக்குது. விசரன், நெடுக எண்ணெய் பூசியிருக்கிறான். குக்கர் நிப்பிள் மாதிரித்தான் தம்பி, ஓட்டை அடைச்சுக் கிடக்கு. நெருப்பு எப்பிடி உள்ளுக்குப் போகும்?"

விசரனை விட்டுவிட்டு மிச்சத்தை ஜெர்மனில் சொன்னேன். செஃப் தானே அந்த முனையைக் கழற்றிக் கொடுத்தார். குலேந்திரன் கொலர் ஊசியை உள்ளே விட்டு ஆட்ட, கறுப்புக் களியும் அராவின தூளும் வந்தன. ஸ்பிரிட்டில் கழுவிக் காயவைத்தார். "எண்ணெய் பூசினால் பூசட்டும். சுடமுந்தித் துடைக்கச் சொல்லு" என்றார். சனிக்கிழமை பன்னிரண்டு தரம் சுட்டு, பன்னிரண்டும் வெடித்ததாம். அன்றைக்குச் சமையலறையில் எங்களுக்கும் இறைச்சி கிடைத்தது.

திங்கட்கிழமை கடிதமும் வந்தது. செஃப் தானே தட்டச்சுச் செய்து, கழுவும் இடத்துக்கே கொண்டுவந்தார். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, வாசி" என்றார் குலேந்திரன். கை ஈரம்.

நேரம் தவறாதவர் என்று வாசித்தேன். "ஓம்" என்றார். நேர்மையானவர் என்று வாசித்தேன். "ஓம்." மூன்றாம் வரியில் எனக்கு நா தடக்கியது. "துப்பாக்கிகளைப் பற்றி இவரளவுக்கு ஆழ்ந்த அறிவுள்ள ஒருவரை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை."

"உந்தக் கடிதம் ஆருக்குப் போறது?"

"வெளிநாட்டவர் பொலிசுக்கு அண்ணை."

இது போனால் ஜெயமலர் அக்கா முகாமிலேயேதான். செஃப் நன்றிக்காகச் சிரித்தபடி நின்றார்.

குலேந்திரன் கையைத் துடைத்து, கடிதத்தை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினார். "டாங்கே, செஃப். பிஸ்டோல் நைன்" என்றார். நன்றி, துவக்கு வேண்டாம்; அவருக்குத் தெரிந்த ஜெர்மன் அவ்வளவுதான். சூப்புக் கோப்பைகளுக்கு நடுவே அதை நிமிர்த்திவைத்து, தட்டைக் கோப்பை கழுவும் மெசினுக்குள் தள்ளி, மூடியை இறக்கி, பச்சைப் பொத்தானை அமத்தினார்.