கண்கள் மட்டும் தெரிந்தவள்

மலேசியாவில் சுபாங் ஜெயா பக்கம் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. உள்ளே எல்லாமே வெள்ளை. தரை, கூரை, எங்கள் உடை. தலையையும் வாயையும் மூடிக்கொண்டால் கண்கள்தான் மிச்சம். தூக்கத்தில் நடப்பவர்களைப் போல ஓசையில்லாமல் நடப்போம்.

உள்ளே போகுமுன் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் வயரை வாசலில் உள்ள பெட்டியில் செருகிப் பார்க்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் போகலாம். எனக்கு மட்டும் தினமும் சிவப்பு.

மூன்றாம் நாள் பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "உங்க தோல் ரொம்ப வறண்டிருக்குக்கா. அதான் பட்டை சரியா படல." தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்த இன்ஜினியர்.

"பட்டை போடாட்டி என்ன லா? சின்னதா ஷாக் அடிக்கும், அவ்வளவுதானே?"

"ஷாக் அடிச்சதுகூட உங்களுக்குத் தெரியாது. நடக்கும்போது ஷூ தரையில உரசுதில்ல, அப்ப எலக்ட்ரான் ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குப் போயிடும். அந்த மின்னூட்டம் உங்க உடம்புலயே நிக்கும். வெளிய காத்துல ஈரம் அதிகம், சேராம கரைஞ்சிடும். இங்க ஏசில காத்து வறண்டு கிடக்கு, தங்கிடும். நீங்க தொட்டதும் சிப்புக்குள்ள பாயும். சிப் செத்துடும். பட்டை இருந்தா வயர் வழியா மெதுவா தரைக்கு இறங்கிடும்."

பேசிக்கொண்டே தன் லாக்கரிலிருந்து கிரீம் எடுத்து என் மணிக்கட்டில் தேய்த்துவிட்டாள். இதற்கு முன் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவியே காய்ந்துபோன கை அது. கணவர் இறந்த பிறகு அதை யாரும் பிடித்ததில்லை. பச்சை விளக்கு எரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை முன் நின்று, "அண்ணே, முல்லை இருக்கா?" என்று கேட்டேன்.

பக்கத்தில் மஞ்சள் சுடிதார் போட்ட பெண் என் குரல் கேட்டுத் திரும்பினாள். "அக்கா, நீங்களா!"

யாரென்றே தெரியவில்லை. கன்னத்தில் குழி, முன்பல் லேசாகத் தூக்கியிருந்தது. நான் விழிப்பதைப் பார்த்து, உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கண்கள்!

"ஐயோ, நீங்களா! இவ்வளவு சின்னப் பொண்ணா?"

இருவரும் சிரித்த சிரிப்பில் பூக்காரரும் சேர்ந்துகொண்டார். தேநீர் குடிக்க உட்கார்ந்தோம். மழை பிடித்துக்கொண்டது. கோயம்புத்தூரில் இருக்கும் தங்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பாதிதான் காதில் விழுந்தது. பேசும்போது அந்த முகம் எப்படியெல்லாம் மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.