இடக்கால்

பதினொரு வயதில், போர் நேரம், உடையார்கட்டு ஊரில் ஷெல் விழுந்து இடக்காலை இழந்தவள் தேனுகா. இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. மத்தியானம் நெல்லைக் காயப்போட்டுவிட்டு வந்து, பொய்க்காலைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தாள். சுரீரென்று கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. அந்த இல்லாத காலில்.

"காலை நீட்டி, விரலுகளை முழங்கால் பக்கமா இழுத்துப் பிடியுங்கோ, விட்டிடும்" என்று மருத்துவமாது சொல்லியிருந்தார். எந்தக் காலை நீட்டுவது? வலியை விட எரிச்சல்தான் கூட வந்தது.

கணவன் சுஜிதன் கட்டிலருகில் குந்தி, பாதம் இருக்கவேண்டிய வெறும் இடத்தை இரண்டு கையாலும் பொத்தி, மெல்ல அவள் பக்கம் வளைத்தான்.

"விட்டிட்டுதே?"

"ஓம்."

அவன் கையை எடுக்கவில்லை. முகம் வெளிறியிருந்தது.

"என்னப்பா?"

"சின்னக் காலா இருக்கு, தேனு. சின்னப் பிள்ளையின்ர கால்."